எந்த நிரல்மொழியைக் கற்பது?

நேயர்களுக்கு வணக்கம். கணினித் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள், பைத்தான் படிப்பதா, ஜாவா படிப்பதா என்று கேட்கும்போது, பாடுபட்டுக் கற்றது சில ஆண்டுகளில் வழக்கொழிந்துவிடுமோ என்ற அச்சமும் அக்கேள்வியோடு சேர்ந்தே வருகிறது. அந்த அச்சம் நியாயமானது. இணையதளங்களில் அசைபடங்களைக் காட்டக் கோலோச்சிய ஃபிளாஷ் மென்பொருள் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது; 2010இல் வெளிவந்து பலரும் விரும்பிக் கற்ற, இணையச் செயலிகளை உருவாக்கும் கருவியான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவும் 2021இன் இறுதியில் முடிந்தது.

ஆனால், 1970களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவான எஸ்க்யூஎல், வங்கிக் கணக்கு முதல் கடையின் சரக்கிருப்பு வரை இன்றும் தரவுகளைக் கேட்டுப் பெறும் மொழியாக நிற்கிறது. அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில்தான் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் பெரும்பகுதி எழுதப்பட்டுள்ளது. நெடுங்காலம் நிலைத்தவற்றை முதலில் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை.

தொடக்கத்துக்குப் பைத்தான் போதும். அதில் கை பழகிய பின், வேலைக்குத் தேவைப்படாவிட்டாலும், சில மாதங்களைச் சி மொழிக்கு ஒதுக்குங்கள். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ‘தமிழ்’ என்பதன் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்னும். மகரத்தோடு சேர்ந்த இகரக் குறியையும் ழகரத்தின் புள்ளியையும், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு தனித்தனிக் குறியீடுகளாக வைத்திருப்பதே அதற்குக் காரணம். அந்தக் குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஐந்தும் தலா மூன்று பைட்டுகளை (நினைவக அலகுகளை) எடுத்துக்கொள்வதால், பைட்டுகளை மட்டுமே எண்ணும் சி மொழி 15 என்னும். ஸ்விஃப்ட் மொழியோ, நம் கண்ணுக்குத் தெரிகிறபடி 3 என்னும். மூன்று விடைகளும் சரியே. ஏன் சரி என்பதை உணர்ந்தவருக்கு, தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டுத் திரையில் தோன்றும்போது பிழையை எங்கே தேடுவது என்பது தெரியும். ஒரே மொழியோடு நின்றுவிட்டவருக்கு இந்தத் தெளிவு வாய்ப்பது அரிது.

கருவிகளில் கிட் (Git) என்பதை மட்டும் முதல் மாதத்திலேயே பழகிவிடுங்கள். லினக்ஸ் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய அது, செய்த மாற்றங்களைப் பதிந்து வைத்து, வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்ப உதவும். இணையப் பக்கங்களை அமைக்க உதவும் ரியாக்ட் போன்றவற்றை, சேரும் வேலை கேட்கும்போது கற்றுக்கொள்ளலாம்.

கைப்பேசிச் செயலிகள் எழுதுவதே நோக்கம் என்று உறுதியாகத் தீர்மானித்தவர்கள் மட்டும், பைத்தானுக்குப் பதிலாக, ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினையோ ஐபோனுக்கு ஸ்விஃப்டையோ முதல் மொழியாகக் கொள்ளலாம். எஸ்க்யூஎல்லும் கிட்டும் அவர்களுக்கும் வேண்டும்.