இரவுப் பணிக்கு வந்து சேரும் செய்தி

(பழைய வண்ணாரப்பேட்டையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்துதவிய வணிகப் பெருமக்களே, காசிமேட்டிலிருந்து வந்திருக்கும் மீனவப் பெரியவர்களே, நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் இங்கே அமர்ந்திருக்கும் என் செவிலியர் தங்கைகளே, அனைவருக்கும் பணிவான வணக்கம். தலைவர் அம்மாவுக்குத் தனியாகவும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். சென்ற மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, ஆள் அனுப்பாமல் தாமே வந்து நின்று, மோட்டார் வைத்து இறைக்கச் செய்தவர் அவர்.

மருத்துவப் பணியாளர் தாக்கப்பட்ட செய்தி மற்றப் பணியாளர்களை என்ன செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, வீட்டார் படும் பாடு என்ன என்று மூன்று செய்திகளைப் பேச வந்தேன்.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பார் என் பாட்டி. செவிலியராக நான் இருந்த 34 ஆண்டுகளில் அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது 2024இல்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில், இரவுப் பணிக்கிடையே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுக்கப் போன இளம் மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கொல்கத்தா எங்கே, வண்ணாரப்பேட்டை எங்கே? ஆனாலும் அடுத்த வாரமே எங்கள் பிள்ளைகள் டியூட்டி ரூம் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்கள். சிலர் படுக்கவே இல்லை. நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, அந்த மருத்துவரின் அறைக்குள்ளேயே, நோயாளியின் மகன் கத்தியால் குத்திய செய்தி வந்தது. மருத்துவர் பிழைத்துக்கொண்டார். செய்தியோ ஒவ்வொரு கைப்பேசியிலும் நாள் முழுதும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்ததைச் சொல்கிறேன். அன்று எனக்கு இரவுப் பொறுப்பு. விடியற்காலை மூன்றரை மணி இருக்கும், துறைமுகத்தில் ஏலம் சூடு பிடிக்கும் நேரம். மீன் வெட்டும் தொழிலாளி ஒருவர், உள்ளங்கை கிழிந்து இரத்தம் சொட்டச் சொட்ட, கட்டிய கைலியோடு கேஷுவாலிட்டிக்குள் வந்தார். இடுப்பில் துண்டு சுற்றிய கத்தி. பிடி மட்டும் வெளியே தெரிந்தது. அதைப் பார்த்த என் செவிலியர், பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பிள்ளை, டிராலியை அப்படியே விட்டுவிட்டு டிரெஸ்ஸிங் அறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டாள். அவர் கதவருகே நின்று, "சிஸ்டர், ரத்தம் நிக்கல, கதவைத் தொறங்க" என்று தட்டத் தட்ட, உள்ளே அவளுக்கு நடுக்கம் கூடியது. துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஒருவர்தான் துணிந்து போய், "தம்பி, அதை முதல்ல என் கையில குடு" என்றார். அப்போதுதான் இடுப்பில் கத்தி இருப்பதே அவருக்கு நினைவு வந்தது. "முதலாளி கத்திம்மா, அங்க வெச்சா எவனாவது எடுத்துடுவான்" என்று சொல்லி, இரண்டு கையாலும் நீட்டினார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது, தன்னைப் பார்த்து ஒரு பெண் பிள்ளை இப்படிப் பயந்துவிட்டதே என்று. தையல் போட ஆறேழு நிமிடம் தாமதமானது. மருத்துவர் தைக்கும்போது விளக்கைப் பிடித்திருந்த அந்தப் பிள்ளையின் கை ஆடிக்கொண்டே இருந்தது. மறுநாள் வேறு வார்டு கேட்டு எழுதிக் கொடுத்தாள், நான் மறுக்கவில்லை.

அவளை யாரும் அடிக்கவில்லை, ஒரு சொல்கூடத் திட்டவில்லை. செய்தி செய்த வேலை அது. பயந்த பணியாளர் முகம் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார். மோசமான நோயாளியை ஏற்கத் தயங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்க்கிறார். பதில் கிடைக்காத உறவினருக்கு, உள்ளே ஏதோ மறைக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது கதவுக்கு இரண்டு பக்கமும் பொருந்துகிறது, பெரியோர்களே.

சட்டம் இருக்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்றாண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறை என்று 2008லேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதை விரித்துப் பேச வழக்கறிஞர் ஐயா இருக்கிறார். சட்டம் அடி விழுந்த பிறகு வருவது. நான் கேட்பது அதற்கு முன் வேண்டியதை.

நம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையை நம் பாட்டிமார் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் அதன் வேர் இருக்கிறது. வந்தவரை உட்காரவைத்து விசாரித்த ஊர் இது. ஆகவே வடசென்னையின் ஒவ்வொரு அரசு மருத்துவமனைக் கேஷுவாலிட்டியிலும், இரவு முழுதும் உறவினரிடம் நிலைமையைச் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆளை அமர்த்த வேண்டும். ஊசி போடுகிறவரே பதிலும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து, "இப்போது இரத்தம் ஏற்றுகிறார்கள், ஸ்கேன் முடிய ஒரு மணி நேரம் ஆகும்" என்று சொன்னால் போதும், அந்த வராந்தாவின் கொதிப்பு பாதி அடங்குவதை நானே பார்த்திருக்கிறேன். காத்திருப்போருக்கு மின்விசிறியும் நாற்காலியும் உள்ள கூடம் வேண்டும். டியூட்டி ரூமுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும்.

வீட்டாரைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இந்த மூன்று கோரிக்கைகளும் எழுதிய மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. இதுவரை 212 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து உள்ளங்கையில் தையல் தழும்போடு இருக்கும் அந்த மீன் வெட்டும் தம்பியுடையது. இரண்டாவது, மறுபடியும் கேஷுவாலிட்டிக்கே திரும்பி வந்திருக்கும் அந்தச் செவிலியருடையது. நன்றி, வணக்கம்.