ஸ்லோ கனெக்‌ஷனுக்கு நியூஸ்போட் செட் பண்ணுவம்

வணக்கம் எல்லாருக்கும். இரவு ஏழு, எட்டு மணிக்கு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில எல்லாரும் ஒண்டா நெட்டில ஏறினா, ஒரு நியூஸ் சைட் திறக்கவே சுத்திக்கொண்டு நிக்கும். அந்த நேரத்திலயும் நியூஸ்போட்டில செய்தி வாசிக்கலாம். டெர்மினல்ல, அதாவது கட்டளை அடிக்கிற ஜன்னல்ல, ஓடுற ஆர்எஸ்எஸ் ரீடர் இது. செய்தித் தளங்கள் தங்கட புதுச் செய்திகளைப் பட்டியலா வெளியிடுற 'ஃபீட்'டுகளை எடுத்துக் காட்டும். படமும் இல்லை, விளம்பரமும் இல்லை. உபுண்டுவில 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் நியூஸ்போட்' அடிச்சா வந்திடும்.

ஹோமுக்குள்ள 'டாட் நியூஸ்போட்' ஃபோல்டர். அதில 'யூஆர்எல்ஸ்' ஃபைல், லைனுக்கு ஒரு ஃபீட். அது வெறுமையா இருந்தா புரோகிராம் எரர் காட்டி நிண்டிடும். 'கான்ஃபிக்' ஃபைல்லதான் எங்கட வேலை.

முதல்ல 'ரீலோட்-த்ரெட்ஸ்', ஒரே நேரத்தில எத்தினை ஃபீட் இழுக்கிறது எண்ட கணக்கு. நெட்டில கிடைக்கிற கான்ஃபிக்குகளில இதை 50, 100 எண்டு போட்டிருப்பினம். தயவுசெய்து கொப்பி பண்ணாதேங்கோ. ஐம்பது ஃபீடும் ஒரே நேரத்தில இழுத்தா, இருக்கிற கொஞ்ச வேகமும் ஐம்பதாப் பிரியும். ஒரு ஃபீடுக்கு எவ்வளவு நேரம் பாத்திருக்கிறது எண்ட டைம்அவுட், சும்மா விட்டா 30 செக்கன். அதுக்குள்ள ஒண்டுமே முழுசா வராது, எல்லாம் அறுந்திடும், அடுத்த ரீலோட்டில திரும்ப முதல்ல இருந்து இழுக்கும். டேட்டாவும் போச்சு, செய்தியும் இல்லை. அதால த்ரெட்ஸ் 1, 'டவுன்லோட்-டைம்அவுட்' 120. ஒவ்வொண்டா வரட்டும், வாறது முழுசா வரும்.

ஒரு ஃபீடில எத்தினை செய்தி வச்சிருக்கிறது எண்ட 'மேக்ஸ்-ஐட்டம்ஸ்' குறைச்சா டேட்டா மிச்சம் எண்டு கனபேர் நினைக்கினம். இல்லை. ஃபீட் முழுசா இறங்கின பிறகுதான் அது வெட்டும். டேட்டா மிச்சம் வேணுமெண்டா, கட்டுரை முழுசையும் அனுப்பாமல் சுருக்கம் மட்டும் தாற ஃபீடாப் பாத்துப் போடுங்கோ.

இன்னொண்டு, 'கேஷ் டாட் டிபி' ஃபைலை அழிக்காதேங்கோ. கடைசியா எப்ப எடுத்தது எண்ட குறிப்பு அதிலதான் இருக்கு. ஃபீட் மாறாட்டி சேர்வர் 304 எண்டு ஒரு சின்னப் பதில் மட்டும் அனுப்பும். ஃபைல் போச்செண்டா எல்லா ஃபீடும் அடியில இருந்து இறங்கும்.

'கான்ஃபிக்'கில 'பிரவுசர்' லைன்ல டபிள்யூ-த்ரீ-எம் எண்ட, டெர்மினல்லயே ஓடுற எழுத்துப் பிரவுசரைப் போட்டுவிடுங்கோ. சின்ன 'ஓ' அடிச்சா முழுச் செய்தியும் எழுத்தா மட்டும் திறக்கும்.

உங்கட பேக்கேஜில இரவு டேட்டா தனியா இருந்தா, குறிச்ச நேரத்துக்குக் கட்டளையைத் தானா ஓட்டுற 'கிரான்'ல 'நியூஸ்போட் மைனஸ் எக்ஸ் ரீலோட்' எண்டு இரவு 12.30க்குப் போடுங்கோ. விடிய எழும்பி நெட் இல்லாமலே ஃபீடில வந்ததை வாசிக்கலாம். ஆனா படுக்கப் போக முதல் நியூஸ்போட்டைக் 'கியூ' அடிச்சு மூடோணும். திறந்து கிடந்தா, ஒரே நேரத்தில ரெண்டு நியூஸ்போட் ஓடாமல் தடுக்கிற லொக் ஃபைல் விடாது, ரீலோட் ஓடாது.