தோட்டத்துப் பாறை ஸ்பீக்கரை ஹால் ஆம்பிளிஃபையர்ல மாட்டலாமா?

அடுத்த கேள்வி. "தோட்டத்துல வைக்கிற பாறாங்கல் மாதிரி ஸ்பீக்கர் ரெண்டு வாங்கியிருக்கேன். ஹால்ல இருக்கிற ஸ்டீரியோ ஆம்பிளிஃபையர்லயே சேர்த்து மாட்டிடலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

மாட்டலாங்க. ஆனா ஒயரைத் தொடுறதுக்கு முன்னாடி அந்தக் கல்லைக் கவுத்துப் போட்டு அடியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. 8 ஓம்னா சரி (ஓம்ங்கிறது கரண்ட்டுக்கு ஸ்பீக்கர் கொடுக்குற தடையோட அளவு). 70 வோல்ட், 100 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா, உள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உக்காந்திருக்கும். அது பெரிய வளாகத்துல நீளமா ஒயர் இழுத்து வரிசையா மாட்டுறதுக்குச் செஞ்சது. வீட்டு ஆம்பிளிஃபையர்ல கொடுத்தா சத்தம் ஈனஸ்வரத்துலதான் வரும். சிலதுல ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை 8 ஓமுக்குத் திருப்பிக்கலாம்.

தப்பு நடக்குற இடம் எது தெரியுமா? ஹால் ஸ்பீக்கர் ஒயரையும் தோட்டத்து ஒயரையும் ஒண்ணா முறுக்கி ஒரே டெர்மினல்ல சொருகிடுறாங்க. ரெண்டு 8 ஓம் பேரலல்ல சேர்ந்தா 4 ஓம். அதே வால்யூமுக்கு ஆம்பிளிஃபையர் ரெட்டிப்பு கரண்ட் தள்ளணும். ஆம்பிளிஃபையரோட பின்பக்கத்துல குறைஞ்சது 6 ஓம்னு போட்டிருந்தா அது தாங்காது, கொதிச்சுப் போய் கட் ஆகும். ரெண்டு ஜோடி ஸ்பீக்கருக்குன்னு ஆம்பிளிஃபையர்ல இருக்கிற ஏ, பி ஸ்விட்ச் ரெண்டையும் சேர்த்து ஆன் பண்ணினாலும் நிறைய மாடல்ல உள்ள இதே கதைதான். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மட்டும் எப்பவும் ஒண்ணாக் கட்டிடாதீங்க!

நான் சொல்றது, தோட்டத்துக்கு ஒரு சின்ன ஆம்பிளிஃபையர் தனியா வெச்சிருங்க. ஹால் ஆம்பிளிஃபையரோட ப்ரீ அவுட்ல (பவர் ஏத்துறதுக்கு முன்னாடி சிக்னலை வெளிய எடுக்குற சாக்கெட்) இருந்து அதுக்கு லைன் கொடுங்க. ஏன்னா வெளிய சுவர் கிடையாது, சத்தம் திரும்பி வராது. தூரம் ரெட்டிப்பானா 6 டெசிபல் போயிடும். அங்க கேக்குற அளவுக்குக் கூட்டினா ஹால்ல காது கிழியும். தனி வால்யூம் இருந்தா இந்தச் சண்டையே இல்ல. பேஸ் பத்தலைன்னா கல்லைச் சுவரோரமாத் தள்ளி வைங்க, நல்லாவே வித்தியாசம் தெரியும்.

ப்ளூடூத் கல்லா இருந்தா ஹால் ஸ்பீக்கரோட சேர்த்துப் பாட விடாதீங்க. அது கொஞ்சம் பிந்தித்தான் பாடும். வாசப்படியில நின்னா ஒவ்வொரு வரியும் ரெண்டு தடவை கேக்கும்.

அப்புறம் தண்ணி. என்கிட்ட இருந்த ஒரு கல்லு, மழை விட்ட மறுநாள் கொரகொரன்னுச்சு. தூக்கிப் பாத்தா, அடியில தண்ணி வடியுற ஓட்டையை மண்ணு அடைச்சிருந்துச்சு. இப்ப ரெண்டு செங்கல் மேலதான் வெச்சிருக்கேன்.