குன்றின் மேல் எழுதிய சீட்டு

வணக்கம். வேலைக்குக் கிளம்பிக்கொண்டே கேட்கிறவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் மேலதிகாரி வாட்ஸ்அப் குழுவில் கடைசியாகப் போட்ட செய்தியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். “அந்த ஃபைலைப் பாத்துக்கோங்க, அர்ஜென்ட்.” கீழே ஏழெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள். எந்த ஃபைல், யார் பார்ப்பது, பார்த்துவிட்டு என்ன செய்வது? ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும்: “நான்தான் சொல்லிட்டேனே!”

இந்தச் ‘சொல்லிட்டேனே’ மீது எனக்கு நெடுநாள் கோபம். நான் ரயில்வேயில் போக்குவரத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே அந்த வார்த்தை செல்லாது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒரு போர்க்களத்துக் கதை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுத்தபோதெல்லாம் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. இன்றைக்கும் விடப் போவதில்லை.

1854 அக்டோபர் 25. கிரிமியாவில் பாலக்லாவா என்ற இடம். ஆங்கிலேயரும் துருக்கியரும் ஒரு பக்கம், ரஷ்யர்கள் எதிர்ப்பக்கம். ஆங்கிலேயத் தளபதி ராக்லன் பிரபு ஒரு குன்றின் மேல் நிற்கிறார். அவருடைய குதிரைப்படை கீழே பள்ளத்தாக்கில். மேலிருந்து அவருக்கு எல்லாம் தெரிகிறது. பக்கத்து மேட்டில், துருக்கியர் காவலில் இருந்த ஆங்கிலேயப் பீரங்கிகளை ரஷ்யர்கள் பிடித்துவிட்டார்கள். இப்போது இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். உடனே ஓர் ஆணை, பென்சிலால் கிறுக்கிய சீட்டு. குதிரைப்படை விரைந்து முன்னேறி, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க முயல வேண்டும். இதுதான் சாரம். கடைசியில் ‘உடனடியாக’ என்று ஒரு வார்த்தை.

எந்தப் பீரங்கி என்று அதில் இல்லை, கவனித்தீர்களா? எழுதச் சொன்னவருக்கு அந்தச் சந்தேகம் வர வழியே இல்லை. அவர் கண்ணெதிரே ஒரு கூட்டம் பீரங்கியை இழுக்கிறது. கீழே இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கோ மேடு மறைக்கிறது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளத்தாக்கின் கோடியில், ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளி, வாயைத் திறந்துகொண்டு நிற்கும் ரஷ்யப் பீரங்கி வரிசைதான். சீட்டைக் கொண்டுவந்த கேப்டன் நோலனிடம் “எந்தப் பீரங்கி?” என்று கேட்டார். நோலன் கையை வீசி, அதோ எதிரி, அதோ பீரங்கி என்றாராம். அந்தக் கை எந்தப் பக்கம் காட்டியது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். லூக்கனுக்கும், படையை முன்நின்று நடத்திய கார்டிகனுக்கும் வேறு ஒத்தே போகாது. மச்சான் முறை, சொல்லவா வேண்டும்? அது தனிக் கதை. 600-க்கும் மேற்பட்டவர்கள் குதிரையோடு, கோடியில் நின்ற அந்த ரஷ்யப் பீரங்கி வரிசையை நோக்கியே பள்ளத்தாக்குக்குள் போனார்கள். மூன்று பக்கமும் குண்டு. நோலன் ஆரம்பத்திலேயே விழுந்தார். 100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

குன்றின் மேல் நின்று படித்தால் அந்தச் சீட்டில் பெரிய குறை தெரியாது. பள்ளத்தில் நின்று படிக்கிறவரின் கண் வேண்டும். பதவி உயர உயர நாமும் மேட்டில்தான் நிற்கிறோம். நமக்குத் தெரிவது கீழே இருப்பவருக்கும் தெரியும் என்று நினைத்துப் பேசுகிறோம்.

இப்போது ரயில்வேக்கு வருகிறேன். சிக்னலோடு பிணைக்காத, அதாவது மூடாவிட்டாலும் சிக்னலைத் தடுக்காத, லெவல் கிராசிங் கேட் என்றால், வண்டி வருவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட் கீப்பருக்குப் போன் செய்வார். “சரி சார், மூடிட்டேன் சார்” என்றால் போதாது. கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் உள்ள அச்சடித்த தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் என்று பெயர். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். கேட் கீப்பர் தன் தாளில் அந்த எண்ணை அடித்துவிடுவார். எண் வந்த பிறகுதான் சிக்னல். ‘சரி சார்’ யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பாதித் தூக்கத்தில்கூட. எண்ணைச் சொல்ல எழுந்து போய்த் தாளைப் பார்க்க வேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் தாளெல்லாம் வேண்டாம். ஆனால் “புரிஞ்சுதா?” என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நாலு பேர் நடுவில் புரியவில்லை என்று எந்த இளையவர் சொல்வார்? “எங்கிருந்து ஆரம்பிக்கப் போறீங்க?” என்று கேளுங்கள். அவர் வாயால் வேலை திரும்பி வரட்டும். தப்பாக வந்தால் அங்கேயே திருத்திவிடலாம், செலவு அரை நிமிடம். மறுபடியும் சொல்கிறேன்: சொன்னது திரும்பி வருகிறவரை சொன்னதாகக் கணக்கில்லை.

நேரம் நெருங்கிவிட்டது. வேலையைச் சொல்லும்போது அது எதற்கு என்ற காரணத்தையும் சொல்வதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக ஒன்று மட்டும். “கூட்ஸை லூப் லைனில் (மெயின் லைனிலிருந்து ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தில்) நிறுத்து” என்று, வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோல் அலுவலகம் சொன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் நிறுத்துவார், நிறுத்திக்கொண்டே இருப்பார். “பின்னால் எக்ஸ்பிரஸ் வருது, அதுக்கு வழி விடணும்” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். எக்ஸ்பிரஸ் தாமதம் என்று தெரிந்ததும் அவரே போனை எடுப்பார்: “சார், கூட்ஸை அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் விட்டுடலாமா?”

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.