ஒன்றரைக் கட்டையில் ஒரு பியானோ

வணக்கம் நேயர்களே. வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிற ரீச்சர் பியானோவைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறாவே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கு இரண்டும் தூரமாகத் தெரிந்ததில்லை. அதிலும் பீத்தோவன் 1801இல் பியானோவுக்கு எழுதிய ஒரு சொனாட்டா, மூன்று பகுதி கொண்ட உருப்படி, இருக்கிறது, 'மூன்லைற்', நிலவொளி, என்று எல்லோரும் சொல்வது. அதன் முதற்பகுதியைப் பெயர் தெரியாமலே நீங்கள் எத்தனையோ தரம் கேட்டிருப்பீர்கள். ஆரைக் கேட்டாலும் "சோகமான இசை" என்பார்கள். ஏன் சோகம் என்றால், "மைனர் ஸ்கேல், அதுதான்" என்பார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவே போதாது. காலப்பிரமாணத்தை, அதாவது இசை ஓடுகிற வேகத்தை, விட்டுவிட்டு அது தருகிற உணர்வை, பாவத்தைப் பற்றிப் பேச முடியாது. இதைத்தான் இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருதி. கசெற் மட்டையில் 'சி ஷார்ப் மைனர்' என்று போட்டிருக்கும். நம்முடைய கணக்கில் அது ஒன்றரைக் கட்டை, ஆர்மோனியத்தில் முதல் கறுப்புக் கட்டை. அந்த மைனர் ஸ்கேலின் ஸ்வரங்கள் பெரும்பாலும் நம்முடைய கீரவாணி ராகத்துக்குக் கிட்ட வரும். இடைவிடாமல் ஓடுகிற அந்தத் தொடக்கத்தைப் பாடிப் பாருங்கள்: ப ஸ க, ப ஸ க, ப ஸ க, ப ஸ க. கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், சாதாரண காந்தாரம் என்கிற தாழ்ந்த காந்தாரம். எண்ணிக்கை ஒன்றுக்கு மூன்று, சுத்தமான திஸ்ர நடை. அதற்கு மேலே மெட்டு வருகிறது. என்ன மெட்டு? பஞ்சமம் மட்டும்தான். பா... ப பாஆ. ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டு இவ்வளவு சொல்லிவிடுகிறார்!

இப்போது எங்கள் வீட்டுக் கதை. திருகோணமலையில், உவர்மலையில் இருந்த காலத்தில் அண்ணா கொழும்பிலிருந்து இந்த கசெற்றைக் கொண்டுவந்தார். கறண்ட் இல்லாத இரவுகளில் பற்றரியில்தான் போடுவோம். எனக்கு எதைக் கேட்டாலும் ஆர்மோனியத்தில் ஷட்ஜம் தேடுகிற பழக்கம். ஒருநாள் தேடினால், ஷட்ஜம் கறுப்புக் கட்டையில் இல்லை, பக்கத்து வெள்ளைக் கட்டையில், ஒரு கட்டையில் போய் நிற்கிறது. பிறகு கறண்ட் வந்ததும் அதே கசெற்றைப் போட்டேன். ஒன்றரைக் கட்டைக்கே ஏறிவிட்டது. பற்றரி இறங்கினால் மோட்டர் தளரும், நாடா மெதுவாக ஓடும், சுருதியும் கூடவே இறங்கும். ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் குறைந்தால் அரைக் கட்டை போய்விடும். ஐந்து நிமிடத்து இசை பதினேழு, பதினெட்டு விநாடி நீண்டுவிடும்.

அம்மாவுக்கு எது பிடித்தது தெரியுமா? பற்றரி இறங்கினதுதான். "அதுதான் பிள்ளை நெஞ்சுக்குள்ள போகுது, அதையே போடு" என்பா. கறண்ட் இருக்கிற நாளிலும் பழைய பற்றரியைத் தேடி எடுத்துத் தருவா. அம்மாவின் காதில் குறை இல்லை. பாரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூடுதல் பாரத்தை வைத்தது பீத்தோவனுமில்லை, பியானோ வாசித்தவருமில்லை, பற்றரி! அன்றைக்கு எனக்குள் விழுந்த கேள்வி இன்னும் போகவில்லை: ஒரு ஒலிப்பதிவில் நாம் கேட்கிற துயரத்தில் எவ்வளவு ராகத்தினுடையது, எவ்வளவு வேகத்தினுடையது?

நீங்களே அளந்து பார்க்கலாம். இந்த முதற்பகுதியில் 69 ஆவர்த்தனம், அதாவது தாளச் சுற்று. ஒவ்வொன்றிலும் நான்கு எண்ணிக்கை, ஆக 276. விநாடிக்கு ஒன்று வீதம் போனால் நாலரை நிமிடம் சொச்சத்தில் முடியும். நிமிடத்துக்கு 40 என்று இழுத்தால் ஏழு நிமிடத்தைத் தொடும். பழைய 78 சுற்றுப் பெரிய இசைத்தட்டில்கூட ஒரு பக்கம் நாலு, ஐந்து நிமிடம்தான் கொள்ளும், ஏழு நிமிடம் இழுத்தால் ஒரு பக்கத்தில் அடங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீத்தோவன் என்ன கேட்டார்? மெதுவாக என்றுதான் எழுதினார். ஆனால் ஆவர்த்தனத்தை நான்காக இல்லை, இரண்டாக எண்ணும்படி குறி போட்டார். அப்படி எண்ணினால் இசை தேங்கி நிற்காது, நடக்கும். தந்திகளை அமர்த்துகிற கம்பளத் துண்டுகள் இல்லாமலே முழுவதையும் வாசிக்கவும் சொன்னார். தம்புராவில் போல ஒலி கலந்து நிற்கட்டும் என்று. அவர் காலத்துப் பியானோவில் நாதம் சீக்கிரம் தேய்ந்துவிடும். மிகவும் இழுத்தால் அந்தப் பஞ்சமம் அடுத்த ஸ்வரம் வருவதற்குள் செத்துப்போகும். இன்றைய வாத்தியத்தில் நாதம் நெடுநேரம் நிற்பதால் இழுக்க முடிகிறது. ஹங்கேரியில் பிறந்த பியானோக் கலைஞர் ஆந்திராஸ் ஷிஃப் இதில் பிடிவாதக்காரர். அந்தக் கம்பளத் துண்டுகளைத் தூக்கிப் பிடிக்கிற கால் பெடலை அழுத்தியபடியே, பலரையும் விட விரைவாக வாசிக்கிறார். முதலில் அந்தரமாக இருக்கும். மூன்றாம் தரம் கேளுங்கள், அந்தப் பஞ்சமம் அழுகையாக இராது, ஒரு எச்சரிக்கையாகக் கேட்கும். எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

நிலவுப் பெயரும் பீத்தோவன் வைத்ததில்லை. ஏரியில் விழுந்த நிலவை றெல்ஷ்டாப் என்ற விமர்சகர் நினைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. டச்சுக்குடாவில் பௌர்ணமி பார்த்த நமக்கு அந்தப் பெயர் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் பெயரைக் கேட்டவுடன் கை தானாக மெதுவாகிவிடுகிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டாம் பகுதியை ஒரு வசனத்தில் சொல்கிறேன்: அதே ஒன்றரைக் கட்டை, காந்தாரமும் தைவதமும் மட்டும் மேலே ஏறுகின்றன, கீரவாணி இருந்த இடத்தில் சங்கராபரணம்.

மூன்றாம் பகுதிக்குத்தான் நேரம் வைத்திருக்க வேண்டியது. சுருதி அதேதான். தொடங்குகிற ஸ்வரங்களும் அதே ஸ, க, ப, அதே சாதாரண காந்தாரம். ஆனால் வேகமோ கடுகதி, சன்னத்தம் வந்தது போல இருக்கும். சோகம் மைனர் ஸ்கேலில்தான் இருக்கிறதென்றால் இங்கே கோபம் எங்கிருந்து வந்தது? மூன்று பகுதியையும் இப்போது ஒலிபரப்புவார்கள். முதற்பகுதி தொடங்கும்போது மணிக்கூட்டைப் பாருங்கள், தொடையில் தாளம் போடுங்கள், ஆவர்த்தனத்துக்கு இரண்டு. வணக்கம்.