குமிழி போகும் வழி

நேயர்களுக்கு வணக்கம். பள்ளியில் ஹைட்ரில்லா சோதனை செய்தது நினைவிருக்கிறதா? முகவை நீரில் செடி, அதன்மேல் கவிழ்த்த புனல், புனலின் தண்டில் ஒரு சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் குமிழிகள் ஏறும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் வேகமாக ஏறும். சோடாவிலிருந்து செடிக்குக் கரிமம் கிடைக்கிறது. செடிகள் வளர்க்கும் மீன்தொட்டிக்கு நாம் கரியமில வாயு கொடுப்பதும் இதற்காகத்தான்.

திறந்து வைத்த நீரில் இந்த வாயு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட நிற்பதில்லை. நாங்களோ 20 முதல் 30 மில்லிகிராம் வரை நிறுத்தி வைக்கப் பார்க்கிறோம். நீர் தானாக வைத்துக்கொள்ளும் அளவைப்போல் பல மடங்கு! மேற்பரப்பு சற்றுக் கலங்கினாலே அது காற்றுக்கு ஓடிவிடும்.

டிஃப்யூசர் என்பது நுண்துளைகள் உள்ள ஒரு பீங்கான் வட்டு. வாயுவைப் பொடிக்குமிழிகளாக உடைத்துத் தரும். அதோடு அதன் வேலை முடிந்தது. கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. குமிழியை அலைக்கழித்துக் கரைப்பதும், கரைந்ததை இலைக்கு இலை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வடிகட்டியின் நீரோட்டம்தான். டிஃப்யூசரைத் தேடித்தேடி வாங்குகிறவர்கள் வடிகட்டி எந்தப் பக்கம் நீரைத் தள்ளுகிறது என்று பார்ப்பதே இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். தொட்டி விளிம்பில் தொங்கும் வடிகட்டி. அதன் நீர் அருவிபோல விழும் இடத்துக்கு நேர் கீழே டிஃப்யூசர். கோடையில் நீர் வற்றி மட்டம் இறங்க இறங்க அருவி உயர்ந்தது. சிலிண்டர் சீக்கிரமே காலியானது. செடிகளோ வைத்தபடியே நின்றன. கொடுத்த வாயுவையெல்லாம் அந்த அருவி வெளியேற்றிக்கொண்டிருந்தது. பிறகு நீர்மட்டத்தை வடிகட்டியின் வாய்வரை உயர்த்தினேன். நீரோட்டம் எதிர்ச் சுவரில் மோதிக் கீழே இறங்கும் இடத்தில், அடிமட்டத்தில், டிஃப்யூசரை வைத்தேன். மேலே ஏறப் பார்த்த குமிழிகளை ஓட்டம் கீழே அமுக்கிச் செடிகளுக்கிடையே இழுத்துச் சென்றது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

வடிகட்டியின் உறிஞ்சுகுழாய்க்குக் கீழே வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உள்ளே சுழலும் விசிறி குமிழியை நொறுக்கும் என்பது உண்மை. ஆனால் தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பெட்டி வகையான கேனிஸ்டர் வடிகட்டியில் கரையாத வாயு உள்ளே தேங்கும். விசிறி கடகடக்கும், ஓட்டமும் குறையும். கேனிஸ்டர் வைத்திருப்பவர்கள், தொட்டிக்குத் திரும்பும் குழாயில் பொருத்தும் வகை டிஃப்யூசரைப் பயன்படுத்துவதே மேல். அதற்கு அழுத்தம் கூடுதலாகத் தேவை. சிலிண்டருக்குப் பதில் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு வாயு உண்டாக்கும் ஈஸ்ட் பாட்டிலால் அதைத் தர முடியாது.

இரவைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். விளக்கு அணைந்தால் செடிகள் வாயுவை எடுப்பதில்லை, அவையும் மூச்சுவிடுகின்றன. சிலிண்டரில் மின்சாரத்தால் திறக்கும் சோலனாய்டு வால்வு இருந்தால், விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து, விளக்கோடு மூடும்படி டைமர் வைக்கலாம். மின்சாரம் போனாலும் வால்வு தானே மூடிக்கொள்ளும். ஈஸ்ட் பாட்டிலோ ஓயாமல் வாயு விட்டுக்கொண்டேயிருக்கும். நானும் ஈஸ்ட் பாட்டில் வைத்திருந்தபோது ஒருநாள் நள்ளிரவில் மின்சாரம் போய் என் வடிகட்டி நின்றது, பாட்டில் நிற்கவில்லை. விடியலில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன. பாதி நீரை மாற்றி, குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். நான் குறை சொன்ன அதே அருவிதான் அன்று அவற்றைக் காப்பாற்றியது.

ஈஸ்ட் பாட்டில் வைத்திருப்பவர்கள் விளக்கணைக்கும்போது அதன் குழாயைத் தொட்டிக்கு வெளியே எடுத்துவிடுங்கள். குழாயை மட்டும் மடித்துக் கட்டிவிடாதீர்கள். அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடித்துவிடும்.