உன்னைத்தானே அடித்தார், பிள்ளையை இல்லையே?

வணக்கம். கணவரின் அடி தாங்க முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணிடம் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வி இது. பிள்ளை மேல் அவர் கை வைக்கவில்லையே, அப்புறம் ஏன் காட்ட மாட்டேன் என்கிறாய்? பக்கத்து அறையில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்த பிள்ளையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பிள்ளை யாரிடம் இருப்பது என்பது பற்றிய இந்துக்களுக்கான 1956 சட்டம் (சிறார், காப்பாளர் சட்டம்), ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. அதைக் காட்டியே, ஐந்து முடிந்தால் அப்பாவிடம் கொடுத்தாக வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது, எந்த வயதிலும் பிள்ளையின் நலன்தான் முதலில்.

(திரையில்: குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 21)

பலருக்குத் தெரியாத பிரிவு இது. வன்முறைக்காக மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டிருந்தால், குடும்ப நல நீதிமன்றத்தில் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கஸ்டடி வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், பிள்ளையைத் தற்காலிகமாக உங்களிடமே விடச் சொல்லி அங்கேயே கேட்கலாம். கணவர் வந்து பார்ப்பதே பிள்ளைக்குக் கெடுதல் என்று மாஜிஸ்திரேட் கருதினால், அந்தச் சந்திப்பை மறுத்தே ஆக வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

2008-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தாய் இறந்துபோய், அந்தச் சாவு தொடர்பான வழக்கில் தகப்பனே குற்றம் சாட்டப்பட்டிருந்த நிலையிலும், கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை பையனைத் தகப்பனிடம் கொடுக்கத்தான் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கையும் பார்க்க வேண்டும், தாத்தா பாட்டியிடம் இருக்கிறேன் என்று பையன் சொன்னதையும் கேட்க வேண்டும் என்றது.

அதனால் வன்முறை ஒரு வழக்கு, பிள்ளை வேறொரு வழக்கு என்று பிரித்துவிட விடாதீர்கள். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் குடும்ப வன்முறை அறிக்கை பதிவு செய்யும்போதே, பிள்ளை என்னென்ன பார்த்தது, தூக்கத்தில் அலறியதா, பள்ளியில் டீச்சர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, வாட்ஸ்அப் மிரட்டல் எதையும் அழிக்காதீர்கள். பார்க்க அனுமதித்தே ஆக வேண்டும் என்றானால், வீட்டில் வேண்டாம், நீதிமன்ற வளாகத்தில் ஆள் முன்னிலையில் என்று கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையா? வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. உடனே ஆபத்து என்றால் 181.